ஆயாம் கோலெக்கில் ஒரு லேண்ட் ரோவர்

பிரிஞ்சாங் வந்துவிட்டதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். குளிரை வைத்துச் சொல்ல முடியாது. தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி, ரிங்லெட்டை எட்டும்போதே குளிர ஆரம்பித்துவிடும். எனக்கு அடையாளம் சத்தம்தான். தானா ராத்தாவைக் கடந்து கடைசி வளைவுகளில் ஏறும்போது, எதிரே கோஸ் மூட்டைகளோடு இறங்கிவரும் பழைய லேண்ட் ரோவரின் கியர் பெட்டி ‘ம்ம்ம்ம்’ என்று மூக்கால் பாடுமே, அந்தச் சத்தம். வானொலியில் வேலை பார்ப்பவனுக்குக் காதுதான் முதல் கண். அந்த ஓசை கேட்டதும் மாமா வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருக்கும்.

கடந்த ஓராண்டில் நான் பிரிஞ்சாங்குக்கு எட்டு முறை போய்வந்தேன். சுற்றுலாவுக்கு அல்ல. கியா பார்ம் போகும் வழியில், காய்கறித் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில், என் மாமாவும் மச்சானும் நானும் ஒரு வண்டியைக் கவிழ்க்க முயன்றுகொண்டிருந்தோம்.

கவிழ்க்கத்தான். தெரிந்தே, திட்டமிட்டு, தலைகீழாக.

மலைக்கு வந்த வண்டி

கேமரன் மலைக்கு முதல் முறை போகிறவர்கள் தேயிலையைப் படமெடுப்பார்கள். இரண்டாம் முறை போகிறவர்கள் லேண்ட் ரோவரைப் படமெடுப்பார்கள். கதவு இல்லாதது, கூரை இல்லாதது, மூன்று நிறத்தில் மூன்று கதவு உள்ளது, பின்னால் காய்கறிக் கூடைகள் ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கியது என்று சாலையோரம் முழுக்க நிற்கும். பாசி படர்ந்த காட்டைப் பார்க்க குனோங் பிரிஞ்சாங் ஏறும் பயணிகளை அழைத்துப் போவதற்கும் இவைதான். அந்த உச்சி 2,000 மீட்டரைத் தாண்டியது.

இந்த மலையை 1885-இல் அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர்தான் ஊருக்கு. 1920-களில் குளிர்வாசத் தலமாக்கும் வேலை தொடங்கியது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். சுங்கை பாலாஸ் தோட்டத்துச் சரிவுகளில் இன்று நாம் நின்று செல்ஃபி எடுக்கும் பச்சை வரிகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் பாட்டனார் போட்டது. என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அவர்களில் ஒருவர்.

லேண்ட் ரோவர் பிறந்தது 1948 ஏப்ரலில், ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில். போர் முடிந்த காலம், பிரிட்டனில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ் உடலுக்கு அலுமினியக் கலவைத் தகட்டைப் போட்டார். சட்டகம் மட்டும் இரும்பு. தட்டையான தகடுகளை நான்கு பக்கமும் சேர்த்து ஒட்டவைத்து, உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டிபோல் செய்த சட்டகம். அதைத்தான் பட்டறைக்காரர்கள் ‘சேஸி’ என்கிறார்கள்.

அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. ராணுவத்தோடு லேண்ட் ரோவர்களும் காட்டுக்கும் மலைக்கும் வந்தன. பிறகு ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்துக்கு வர, சேறும் சரிவுமான இந்த மலைக்குத் தோதான வண்டி வேறில்லை என்று விவசாயிகள் வாங்கினார்கள். என் தாத்தாவும் தோட்ட வேலையை விட்டுக் காய்கறி போட ஆரம்பித்தபோது, நகையை அடகு வைத்து ஒன்று எடுத்தார். 1969-இல் தயாரான சீரிஸ் 2ஏ. சக்கர இடைவெளி 88 அங்குலம், 2.25 லிட்டர் பெட்ரோல் இஞ்சின். என் அம்மாவின் கல்யாண ஊர்வலமும் அதில்தான். தாத்தாவின் கடைசி ஊர்வலமும் அதில்தான்.

மாமியின் தீர்ப்பு

அலுமினிய உடல் துருப்பிடிக்காது. அந்தப் பெருமையில்தான் பலர் ஏமாறுவார்கள். மேலே பார்த்தால் வண்டி கம்பீரமாக நிற்கும். கீழே சேஸி உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கும். மலைமழை, செம்மண் சேறு, அதோடு கோழி எரு. காய்கறித் தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாகக் கோழி எரு ஏற்றிய வண்டி இது. அந்த ஈரம் சட்டகத்தின் ஓட்டைகள் வழியாக உள்ளே போய்த் தங்கிவிட்டால், இரும்பை பிஸ்கட்போல ஆக்கிவிடும்.

மாமா ஒவ்வோர் ஆண்டும் கீழே படுத்து, அரித்த இடத்தில் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, ஈரத் தரையில் ஜாக் வழுக்கியது. வண்டி முழுதாக விழவில்லை. பக்கத்தில் அடுக்கியிருந்த மரக்கட்டை தாங்கிக்கொண்டது. ஆனால் இறங்கிய ஸ்பிரிங் மாமாவின் தோளில் இடித்து, கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ஈப்போ மருத்துவமனையில் ஒரு வாரம். இன்றும் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் முகம் சுளிப்பார்.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“இந்த வண்டிக்குக் கீழ இனிமே யாராச்சும் படுத்தீங்க, நான் ஜொகூருக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.”

இதற்கிடையே கோலாலம்பூரிலிருந்து பழைய வண்டி சேர்க்கும் ஒருவர் வந்து, ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொல்லிவிட்டுப் போனார். “குடுத்துடுப்பா” என்றான் மச்சான். அவன் ஜொகூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவான். வந்தால் அப்பாவும் பிள்ளையும் நாலு வார்த்தை பேசுவார்கள், அதில் மூன்று சண்டையில் முடியும். மாமா பதில் பேசவில்லை. எழுந்துபோய் வண்டியின்மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வந்தார்.

அந்தத் தார்ப்பாய் எட்டு மாதம் அப்படியே கிடந்தது.

நாம் கீழே போக வேண்டாம், அது மேலே வரட்டும்

எனக்கு இதில் என்ன வேலை? ஒன்றுமில்லை. வார இறுதி நிகழ்ச்சிக்காகப் பழைய கார் புதுப்பிப்பவர்களைப் பேட்டி எடுக்கப் போனேன். ஒரு பட்டறையில் பழைய ஃபோக்ஸ்வேகன் ஒன்று காற்றில் தொங்கியது. முன்னால் ஒரு தூண், பின்னால் ஒரு தூண், நடுவில் வண்டியின் உடல். ஒரு பையன் ஒற்றைக் கையால் பிடியைச் சுற்ற, வண்டி மெல்ல உருண்டு பக்கவாட்டில் நின்றது. அடிவயிறு முழுதும் கண்ணுக்கு நேரே. வேலை செய்பவர் நாற்காலியில் உட்கார்ந்து வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்காரர்கள் இதை ரோல் ஓவர் ஜிக் என்கிறார்கள். ரொட்டிசரி என்றும் சொல்வதுண்டு, கோழியைக் கம்பியில் கோத்துச் சுற்றிச் சுடுவதுபோல் இருப்பதால். நம் நாட்டில் அந்தப் பெயரை விளக்கவே வேண்டாம். படத்தை வாட்சாப்பில் மாமாவுக்கு அனுப்பினேன். மாமிதான் முதலில் பதில் அனுப்பினார்: “ஆயாம் கோலெக் மாதிரியில்ல இருக்கு!”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஆயாம் கோலெக் என்றே பெயர்.

இதன் நன்மை பாதுகாப்பு மட்டுமல்ல. மச்சான் விளக்கினான். படுத்துக்கொண்டு தலைக்கு மேலே வெல்டிங் அடித்தால், உருகிய இரும்பு கீழே வழியப் பார்க்கும். பொறி கழுத்துக்குள் விழும். ஒட்டு உள்ளே பிடித்ததா, மேலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று சொல்வது கடினம். அதே இடத்தைத் திருப்பி மேலே கொண்டுவந்துவிட்டால், உருகிய இரும்பு தன் எடையால் பள்ளத்துக்குள் நன்றாக இறங்கும். “கப்பல்ல முடிஞ்சா நாங்க துண்டையே திருப்பிப் போட்டுத்தான் அடிப்போம். மேல பாத்து அடிக்கிறது கடைசி வழி” என்றான்.

மாமியின் நிபந்தனையும் நிறைவேறும். யாரும் கீழே படுக்கப் போவதில்லை.

வாங்குவதா, செய்வதா?

தயாராக விற்கும் ஜிக்கின் விலையை விசாரித்தோம். கப்பல் கூலியோடு ஆறாயிரம் வெள்ளிக்கு மேல் வந்தது. நல்ல பொருள்தான். ஹைட்ராலிக் ஜாக் வைத்து உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வருடத்துக்கு நாலைந்து வண்டி புதுப்பிக்கும் பட்டறைக்கு அது கட்டுப்படியாகும். ஒரே ஒரு வண்டிக்கு?

மாமா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார். மச்சான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இது நிக்காதுப்பா” என்றான். மறுநாள் இரவு தானே ஒரு படம் வரைந்து அனுப்பினான். மாமா அதைப் பார்த்து, “இதுக்கு இவ்வளவு இரும்பா? பாலமா கட்டப் போறான்?” என்று எனக்குக் குரல் பதிவு அனுப்பினார். நான் அதை அவனுக்குத் தட்டிவிட்டேன். இப்படியே இரண்டு வாரம். அப்பாவும் பிள்ளையும் அத்தனை நாள் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை, நடுவில் நான் தபால்காரனாக இருந்தாலும்.

கடைசியில் முடிவான அமைப்பு எளிமையானது. செய்ய நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரண்டு தூண்கள். ஒவ்வொன்றும் 3 அங்குலச் சதுரக் குழாய். அடியில் ‘எச்’ வடிவப் பாதம்; சேஸியைவிட அது அகலம் குறைவாக இருந்தால் திருப்பும்போது சாயும். தூணின் தலையில் கிடையாக ஒரு தடித்த உருளைக் குழாய். அதற்குள் இறுக்கமாக, ஆனால் சுற்றும்படி, இன்னொரு குழாய். இடையில் கிரீஸ். உள்குழாயின் முனையில் சேஸியைப் பிடிக்கும் தகடு. முன்பக்கம் பம்பர் பூட்டும் துளைகளிலும், பின்பக்கம் குறுக்குச் சட்டத்திலும் போல்ட் போட்டுப் பிடித்தோம். இரண்டு தூண்களும் விலகிவிடாமல் அடியில் ஒரு நீளக் குழாயால் இணைப்பு.

சுற்றும் அச்சின் உயரம் முக்கியம். சேஸியின் அகலமான இடத்தில் பாதியை அளந்து, அதற்கு மேல் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பாதி சுற்றும்போது தரையில் இடிக்கும். நாங்கள் மூன்றரை அடி வைத்தோம்.

அடுத்தது பூட்டு. உள்குழாயோடு வட்டத் தகடு ஒன்றைப் பற்றவைத்து, அதில் 8 துளைகள். 45 பாகைக்கு ஒரு துளை. தடித்த இரும்பு முளையைச் செருகினால் நின்றுவிடும். இந்த முளையில் கஞ்சத்தனம் கூடாது என்பது மச்சானின் கட்டளை.

இரும்பு ஈப்போவில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. கிலோ கணக்கில் நிறுத்து, மாமாவின் நண்பர் லோரியில் சிம்பாங் பூலாய் வழியாக மேலே வந்தது. இரும்பு, போல்ட், வெல்டிங் கம்பி, பெயிண்ட், எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு வெள்ளி. கூலி? மாமியின் சமையல் கணக்கில் சேரவில்லை.

முதல் சுற்று

இஞ்சின், கியர் பெட்டி, அச்சுகள், பெட்ரோல் தொட்டி, அலுமினிய உடல் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு வெறும் சேஸி மிஞ்சியது. நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பூட்டினோம். சனிக்கிழமை காலை பத்து மணி. வெளியே மூடுபனி. மாமி கற்பூரம் ஏற்றி, பிரிஞ்சாங் முருகன் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார்.

“யாரும் உள்பக்கம் நிக்காதீங்க. பிடியில மட்டும் கை” என்றார் மாமா.

முளையை எடுத்துவிட்டு மச்சான் பிடியைத் தள்ளினான். கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். பக்கவாட்டுக்கு வரும் முன்பே பிடி அவன் கையை உதறிவிட்டு, சேஸி தானாகப் புரண்டு தலைகீழாகி, இப்படியும் அப்படியும் ஆடி நின்றது. கொட்டகையே அதிர்ந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. மாமா சொன்ன இடத்தில் நின்றதால் ஒன்றுமில்லை. உள்ளே ஒருவர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாமா எதுவும் பேசாமல் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டமும் ஒரு புள்ளியும் போட்டார்.

கணக்கு இதுதான். சேஸியின் எடை மையம் சுற்றும் அச்சுக்கு மேலே இருந்தால், தள்ளிவிட்டதும் எடை கீழே இறங்கத் துடிக்கும், தானாகப் புரளும். எடை மையம் அச்சுக்குக் கீழே தொங்கினால், எவ்வளவு திருப்பினாலும் பழைய நிலைக்கே வரப் பார்க்கும். திருப்புகிறவன் கை ஓய்ந்துவிடும். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால்தான் விட்ட இடத்தில் நிற்கும். அதற்காகத்தான் பிடிக்கும் தகட்டில் ஓர் அங்குலத்துக்கு ஒரு துளையாக மச்சான் போட்டிருந்தான். சேஸியை ஒரு துளை இறக்கினோம். மறுபடி புரண்டது, ஆனால் மெதுவாக. இன்னொரு துளை. இந்த முறை பக்கவாட்டில் திருப்பிக் கையை எடுத்ததும் அப்படியே நின்றது.

“இப்ப ஒரு விரலால தள்ளு” என்றார் மாமா. தள்ளினேன். ஐம்பது வருடம் மூட்டை சுமந்த அந்த இரும்பு, கோயில் யானை தலையைத் திருப்புவதுபோல் நிதானமாகத் திரும்பியது.

அப்போது வந்த சத்தத்தை நான் பதிவு செய்யாமல் விட்டதற்கு இன்றும் வருந்துகிறேன். பெட்டிபோன்ற சட்டகத்துக்குள் காய்ந்த மண்ணும் துருவும் உருண்டு, உண்டியலைக் குலுக்கியதுபோல் கலகலத்தன. துளைகள் வழியே கொட்ட ஆரம்பித்தது. செம்மண், துருத்தூள், காய்ந்த இலை, ஒரு சோளமணி, எலிக்கூடு ஒன்று. மாமி கூட்டிப் பார்த்ததில் இரண்டு வாளி. அத்தனை ஆண்டுகளாக மாமா வெளியே ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்க, உள்ளே இந்த மண் மழைநீரைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

தாத்தாவின் ஒட்டு

தலைகீழாக நிறுத்தித் தேய்த்தபோதுதான் அது தெரிந்தது. நடுச் சட்டத்தின் அடியில், இரண்டு கை அகலத்தில் ஒரு பழைய ஒட்டு. எண்ணெய் பீப்பாயிலிருந்து வெட்டிய தகடு. ஓரம் வளைந்து நெளிந்து, வெல்டிங் புழுப்போல ஓடியிருந்தது. மாமா அதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“இது நான் போட்டதில்ல. அப்பா போட்டது. எனக்குப் பத்து வயசு. நான்தான் டார்ச் லைட் புடிச்சேன்.”

மச்சான் சுத்தியலால் தட்டினான். மற்ற இடங்களில் ‘டங்’ என்றது. அங்கே ‘டொக்’ என்றது. தகட்டுக்கும் சேஸிக்கும் இடையில் தண்ணீர் தேங்கி, பின்னால் இருந்த அசல் இரும்பே இல்லாமல் போயிருந்தது. ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டால் வரும் வினை இது. துருவை மூடினால் துரு சாகாது. அரித்த பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தகடு வைக்க வேண்டும்.

வெட்டுவதா விடுவதா? மச்சான் எதுவும் சொல்லாமல் கிரைண்டரைக் கீழே வைத்தான். அந்த அப்பா–பிள்ளை நடுவில் அன்று தபால்காரன் தேவைப்படவில்லை. மாமா கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு, கிரைண்டரை இடது கையில் எடுத்தார்.

“அப்பா இருந்திருந்தா அவரே வெட்டியிருப்பாரு. மூட்டையோட நடுவுல ஒடிஞ்சா யாருக்கு நஷ்டம்?”

அவரே வெட்டினார். தோளுக்கு மேல் கை தூக்காமல், நெஞ்சு உயரத்தில், வசதியாக நின்றுகொண்டு. ஜிக் இல்லாவிட்டால் அந்த வெட்டை அவர் செய்திருக்கவே முடியாது.

பின்னர் நடந்தது முழுக்க மச்சானின் ராஜ்ஜியம். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வெட்டக்கூடாது என்றான், சேஸி முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் வெட்டி, தகடு வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த பக்கம். மலைக்காற்று வெல்டிங் வாயுவைக் கலைத்துவிடும் என்பதால் கொட்டகையின் கதவைச் சாத்தினோம். பிரிஞ்சாங் ஈரத்தில் தேய்த்த இரும்பு ஒரே இரவில் மஞ்சள் பூத்துவிடும். ஆகவே அன்று தேய்த்ததற்கு அன்றே பிரைமர்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாமா யாரையும் தொடவிடவில்லை. முன் வலது ஸ்பிரிங் தாங்கியில் பொறித்த சேஸி எண். பிரிட்டனிலிருந்து துத்தநாகம் பூசிய புதுச் சேஸியே வரவழைக்கலாம், பலரும் செய்கிறார்கள். அது பணம் உள்ளவர்களுக்கு நல்ல வழி. ஆனால் தாத்தா பெயரிலிருந்து மாமா பெயருக்கு மாறிய கிராண்டில் உள்ள எண் இந்த இரும்பில்தான் இருக்கிறது. அந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்து, கிரீஸ் தடவி, துணி சுற்றி வைத்தார்.

கடைசி வேலைக்கும் ஜிக் உதவியது. சேஸிக்குள் துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சிவிட்டு, மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றினோம். உள்ளே எல்லாச் சுவரிலும் படிந்தது. படுத்துக்கொண்டு அடித்தால் அடிப்பக்கம் மட்டும் தேங்கியிருக்கும். வடிகால் துளைகளை மறக்காமல் திறந்துவிட்டோம்.

உங்கள் வீட்டு வண்டிக்கு

லேண்ட் ரோவரில் சேஸி தனி, உடல் தனி. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவோ, மினியோ, மோரிஸ் மைனரோ அப்படி இல்லை, உடலே சட்டகம். அவற்றை ஜிக்கில் ஏற்றும் முன் இஞ்சின், கண்ணாடி, பெட்ரோல் தொட்டி எல்லாம் கழற்றுவதோடு, கதவு இருக்கும் இடைவெளிகளில் குறுக்குக் குழாய் வைத்து உள்ளிருந்து முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிச் சட்டத்தை வெட்டியதும் உடல் வளைந்து, பிறகு கதவு மூடாது. நேரான தரை, இரண்டு பேர், பூட்டிய முளை. இந்த மூன்றும் இல்லாமல் திருப்ப வேண்டாம்.

இவ்வளவு பாடு தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 6 பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து தரைவழியே புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் வந்தார்கள். அதில் ‘ஆக்ஸ்ஃபர்ட்’ என்ற வண்டி பிறகு அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை மீட்டுப் புதுப்பித்தார்கள். 2019-இல் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து கிளம்பி லண்டன் போய்ச் சேர்ந்தது. தீவில் கிடந்ததற்கே அந்த யோகம் என்றால், கோஸ் மூட்டை சுமந்ததற்குக் கொஞ்சம் கூடாதா?

திரும்பி வரும் வழி

போன மாதம் எட்டாம் முறை போனேன். தாத்தாவின் சேஸி கறுப்புப் பெயிண்டில் நான்கு சக்கரத்தில் நின்றது. இஞ்சின் இன்னும் ஏறவில்லை. உடலும் சுவரோரம் சாய்த்தபடியே இருக்கிறது. அடுத்த தைப்பூசத்துக்குள் ஓடும் என்கிறார் மாமா. எந்தத் தைப்பூசம் என்று மாமி கேட்கிறார்.

ஆனால் ஆயாம் கோலெக் சும்மா இல்லை. அதில் வேறொரு சேஸி தொங்கியது. பக்கத்துத் தோட்டத்துச் சீனப் பெரியவருடையது. ஜாக்கில் ஏற்றிக் கீழே படுக்கப் போனவரை மாமாதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாராம். வாடகை கிடையாது, திருப்பும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதற்கடுத்து இன்னும் இருவர் பெயர், கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது. அந்தக் கோலாலம்பூர்க்காரர் மறுபடி போன் செய்தபோது, மாமா வண்டியைப் பற்றிப் பேசாமல் ஜிக்கின் அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மச்சான் இப்போது மாதம் இரண்டு முறை வருகிறான். நான் போன அன்று அப்பா முன்பக்கத் தூணிலும் பிள்ளை பின்பக்கத் தூணிலும் நின்றார்கள்.

“ரெடியா?”

“ரெடிப்பா.”

“மெதுவா... மெதுவா... நிறுத்து. முளையைப் போடு.”

அவ்வளவுதான் பேச்சு. சண்டையில்லை.

நீங்கள் இந்தப் பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் போனால், சுங்கை பாலாஸில் தேநீர் குடியுங்கள், வார இறுதி பசார் மாலாமில் வறுத்த சோளம் வாங்குங்கள். நெரிசலைத் தவிர்க்க சிம்பாங் பூலாய், கம்போங் ராஜா வழியாக ஏறலாம். காலை எட்டுக்கு முன் கியா பார்மைத் தாண்டிவிட்டால் நல்லது. வளைவில் எதிரே மூட்டையோடு ஒரு பழைய லேண்ட் ரோவர் வந்தால் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள். ஜன்னலை இறக்கி அந்தச் சத்தத்தையும் ஒரு நிமிடம் கேளுங்கள்.

அதன் அடிவயிற்றில் எத்தனை ஒட்டு இருக்கிறதோ, யார் டார்ச் லைட் பிடித்தார்களோ, நமக்கென்ன தெரியும்.